ஒற்றைக் கோடு போட்ட வளையம்

கஜபதிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. ஊரெல்லாம் ஆறு நாள் உழைத்துவிட்டு அந்த ஒரு நாளுக்காகக் காத்துக் கிடக்கும். இவன் மட்டும் சனிக்கிழமை சங்கு ஊதும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில், உலோகப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. இரும்புத் துண்டைப் பளபளவென்று தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பதம் சரியாக வந்திருக்கிறதா, உள்ளே வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மனிதர்களோடு பேசுகிற வேலையைக் கொடுத்திருந்தால் முதல் மாதமே சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார்கள்.

அவனுக்கு ஐந்து தங்கைகள். ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வயது நாற்பத்து மூன்று ஆகியிருந்தது. இவனுக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அம்மா. அவளும் கடைசித் தங்கைக்குத் தாலி ஏறிய மறு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா இருந்தபோது ஒதுக்கின குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஓர் அறையில் படுத்துக்கொள்வான். இன்னொன்றில் என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. தங்கைகளிடமிருந்து தீபாவளிக்குத் தீபாவளி கார்டு வரும். 'அண்ணன் ஒருமுறை வந்துபோகக் கூடாதா' என்று ஐந்திலும் எழுதியிருக்கும். எப்போது வரலாம் என்று எதிலும் எழுதியிருக்காது.

அதனால் சனிக்கிழமை வேலை விட்டதும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்விடுவான். அங்கே வேம்புலி ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு ஒரு பட்டறை நடத்திவந்தான். கஜபதி ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரும்புச் சுருள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். தோன்றினால் தானே எதையாவது கடைவான். வேம்புலி நாலு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவன் என்பதால் இவன் பேசாதது யாருக்கும் உறுத்தவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், மார்கழி முதல் வாரம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் பட்டறைக்குள் வந்தாள். முப்பத்தைந்து முப்பத்தாறு இருக்கும். கைக்குட்டையைப் பிரித்து ஒரு பித்தளைச் சாமானை எடுத்து நீட்டினாள்.

"இது ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்புக்கு வாங்கின லென்சு. மரை சேர மாட்டேங்குது. நடுவுல ஒரு வளையம் கடைஞ்சு குடுக்க முடியுமா?"

வேம்புலி அதைத் தொடக்கூட இல்லை. "யம்மா, நான் பம்பு செட்டுக்கு மரை போடறவன். இத்தெல்லாம் நம்ப கைக்கு ஒத்துவராது. தோ, குந்திகினு கீறாரே அண்ணாத்தே, அவராண்ட குடு. நாள் பூரா இத்துல கண்ண வெச்சிகினு கெடக்கறதுதான் அவரு பொழப்பு."

அவள் பெயர் பஞ்சவர்ணம். நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டின் ஓரமாக இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் லேப் என்று சொன்னால் அது அவள் ஒருத்திதான். இருமிக்கொண்டு வருகிறவர்களின் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பாள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதற்கு எண்ணெய் விட்டுப் பார்க்கிற பெரிய லென்சு வேண்டும். இருந்த ஒன்று கீழே விழுந்து விரிசல் விட்டுவிட்டது. புதிதாக வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். லைசென்சு, பர்மிட், எட்டு மாதம் என்றார்கள். டாக்டர் இராமகிருஷ்ணன் பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் துழாவி இதை வாங்கிவந்திருந்தார்.

கஜபதி லென்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "இது இரும்பு பாக்கற லென்சுங்க. எங்க லேப்ல இருக்கற மாதிரி, எண்ணெய் விடாம பாக்கறது. மரையும் பெரிசு. நீளக் குழாய்க்குன்னு பண்ணது. உங்களுது குட்டைக் குழாயா இருக்கும். மரையை மட்டும் மாத்தினா போதாது, லென்சைக் கொஞ்சம் கீழ இறக்கி நிக்க வெக்கணும்."

"முடியுமா, முடியாதா?"

"முடியும். நாளைக்கே கொண்டாரேன்."

கஜபதி ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசியதை வேம்புலி அப்புறம் பல நாள் சொல்லிக் காட்டினான்.

மறுநாள் அவன் ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, நசரத்பேட்டையில் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. ஓடு வேய்ந்த கட்டடத்தில் ஈ காக்கா இல்லை. ஆயா அங்கம்மாதான் கேட்டைத் திறந்துவிட்டாள். பஞ்சவர்ணம் அந்த வளாகத்திலேயே பின்பக்கம் ஓர் அறையில் குடியிருந்தாள். புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போனவன். பதினோரு வருஷமாக விலாசம் கிடையாது. அவன் இருக்கிறானா, இல்லையா, இவள் பூ வைத்துக்கொள்வது சரியா, தப்பா என்பதெல்லாம் நசரத்பேட்டைக்குத் தீராத விவகாரம். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. காலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வாள்.

வளையம் மைக்ராஸ்கோப்பில் ஏறியது. லென்சு வளையத்தில் ஏறியது. மரை சொல்லிவைத்தாற்போல் சேர்ந்தது. மற்ற லென்சுகளைவிட இது கீழே தொங்கியதால், குழாயைத் தூக்காமல் சுழற்றினால் கண்ணாடியில் இடித்துவிடும் என்று கஜபதி எச்சரித்தான். அவள் உடனே ஒரு சிவப்பு நூலை எடுத்து, மறக்காமலிருக்க லென்சின் கழுத்தில் சுற்றினாள். பிறகு தயாராக வைத்திருந்த ஒரு பழைய கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

"புகை போட்ட மாதிரி இருக்கே."

அவனும் பார்த்தான். வெறும் நீல மூட்டம். "உயரம் சரியில்லைபோல. அடுத்த ஞாயிறு வேற வளையம் கொண்டாரேன்."

"குறி போட்டுக்கலாம். இல்லன்னா எது எதுன்னு குழம்பிடும்." கண்ணாடியில் நோயாளியின் நம்பர் கீறுகிற வைர முனைப் பேனாவை எடுத்து, வளையத்தின் விளிம்பில் ஒரு கோடு கிழித்து அவனிடம் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அங்கம்மா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். "இரும்புல அப்படி என்ன சார் தெரியும்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். இதுவரை அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தேய்த்த இரும்பில் திராவகம் பட்டதும் வயல்வெளியில் வரப்பு கட்டினதுபோல் கோடு கோடாகப் பிரிந்து நிற்கும், காய்ச்சின விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு வயலும் ஒரு மாதிரி இருக்கும் என்று ஆரம்பித்தவன், அரை மணி நேரம் பேசினான். டீ ஆறிவிட்டது. ஆறின டீ அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

இரண்டாம் ஞாயிறு அவன் சற்று முன்னதாகவே போய்விட்டான். அவள் அப்போதுதான் கண்ணாடியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சாயம் ஏற்றிய சளியின்மேல், மூடுவது ஒட்டி நிற்பதற்காக ஒரு துளி எண்ணெய் விட்டு, அதன்மேல் நகம் அளவுக்கு மெல்லிய கவர் கிளாஸ் ஒன்றைப் பதவிசாக மூடினாள். கஜபதி பார்த்துக்கொண்டே நின்றான். அந்தக் கணமே விஷயம் விளங்கிவிட்டது.

அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. எண்ணெய் லென்சு என்றால் மூட வேண்டாம். எண்ணெய் இல்லாத பெரிய லென்சு என்றால் கட்டாயம் மூடித்தான் பார்க்க வேண்டும். அவளுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கென்று செய்கிற லென்சு அந்த மெல்லிய கண்ணாடியையும் மனத்தில் வைத்துக்கொண்டே செய்யப்படுகிறது. ஆனால் இது இரும்பு பார்க்கிற லென்சு. இரும்பின்மேல் யார் கண்ணாடியை மூடப் போகிறார்கள்? வெறும் பரப்பைப் பார்க்கச் செய்த லென்சுக்கு நடுவே கண்ணாடி வந்தால் எல்லாம் மசமசவென்றுதான் தெரியும். ஒரு கோடு போட்ட முதல் வளையமே சரியான வளையம். அதற்கப்புறம் ஒரு வளையமும் தேவையில்லை.

'அந்தக் கண்ணாடியை எடுத்துடுங்க' என்று சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. சொன்னால் இன்றோடு வேலை முடிந்தது. அடுத்த ஞாயிறு இந்தக் கேட்டைத் திறக்கச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. புருஷன் விலாசமில்லாத ஒரு பெண் இருக்கிற இடத்துக்கு, கல்யாணமாகாத ஓர் ஆண் சும்மா வந்துபோக முடியுமா? லென்சு ஒன்றுதான் மரியாதையான காரணம். அவன் பேசாமல் இருந்தான். பேசாமல் இருப்பது அவனுக்குக் கைவந்த கலை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இன்னும் மூட்டமாத்தான் இருக்கு சார்."

"வளையம் இன்னும் கொஞ்சம் குட்டையா வேணும்போலங்க" என்றான். அவள் இரண்டாவது வளையத்தில் இரண்டு கோடு கிழித்தாள்.

மூன்றாம் ஞாயிறு, கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். பஞ்சவர்ணம் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அறையில் தனியாக நின்ற கஜபதிக்குக் கை சும்மா இருக்கவில்லை. தான் நினைத்தது சரிதானா என்று பார்த்துவிடத் தோன்றியது. பெட்டியில் பார்க்கப்படாமல் காத்திருந்த கண்ணாடிகளில் கைக்கு வந்த ஒன்றை எடுத்தான். அதில் நாற்பத்தேழு என்று கீறியிருந்தது. கூடவே எடுத்துவந்திருந்த முதல் வளையத்தை மாட்டி, எண்ணெயும் விடாமல், எதையும் மூடாமல், அப்படியே வைத்துத் திருகைத் திருப்பினான். நீலப் பரப்பின்மேல் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள், கிள்ளிப் போட்டதுபோல் துல்லியமாகத் தெரிந்தன. எங்கே நகர்த்தினாலும் இருந்தன. சிவப்புக் குச்சிதான் கிருமி என்று அவள் சொல்லியிருந்தாள்.

வெளியே பேச்சுக் கேட்டது.

"யம்மா, என் கண்ணாடி பாத்தியா? மில்லுல அரை நாளு லீவு கேட்டாலும் மேஸ்திரி கத்தறான். அத்தான் நாயித்துக்கெழமையா வந்தேன்."

"இன்னும் பாக்கல தாயம்மா. லென்சு சரியானதும் முதல்ல உன்னுதுதான்."

"இருமி இருமி நெஞ்சு நோவுது. அத்த உடு. இந்தப் புள்ளையப் பக்கத்துல போட்டுக்கலாமா கூடாதா, அத்த மட்டும் சொல்லிடு. ராத்திரில தள்ளிப் போட்டா கத்துது."

"தள்ளியே போடு. அடுத்த வாரம் நிச்சயமாச் சொல்லிடறேன்."

கஜபதி வளையத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை எடுத்துப் பெட்டியில் பழைய இடத்தில் செருகினான். பஞ்சவர்ணம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அரிசி மில்லுல வேலை செய்யறவ. எட்டு மாசக் கைக்குழந்தை. சார், உண்மையச் சொல்லுங்க. அடுத்த வாரம் இது சரியாயிடுமா? ஆகாதுன்னா எல்லாக் கண்ணாடியையும் பட்டணத்துக்கு அனுப்பிடலாம்னு டாக்டர் சொல்றாரு. அனுப்பினா ரெண்டு வாரத்துல பதில் வந்துடும்."

அனுப்புங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். லேப்பில் வேலை இல்லாமல் போனால் லென்சும் வேண்டியதில்லை, வளையமும் வேண்டியதில்லை என்று அவன் புத்தி அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"சரியாயிடும்ங்க" என்றான். அவள் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. மனிதன் எவ்வளவு கேடுகெட்டவனாக ஆக முடியும் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

பொங்கல் நெருங்கிவிட்டது. நாலாவது ஞாயிறு அவள் அடை சுட்டு வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள வெல்லம். அவளே எடுத்து வைத்தாள். பம்பாயிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று, கேட்காமலேயே சொன்னாள். கம்பளிச் சட்டை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தானாம், அவ்வளவுதானாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கஜபதியும் தன் ஐந்து தீபாவளிக் கார்டுகளைப் பற்றிச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நடுவில் மூன்றாவது வளையத்தையும் நாலாவதையும் மாட்டிப் பார்த்து மூட்டம் என்றார்கள். அவன் திரும்பும்போது, ஆவடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே" என்றான் வேம்புலி, அடுத்த சனிக்கிழமை. "வாரா வாரம் ஒரு மோதரம் கடைஞ்சி எடுத்துகினு போற. அந்தம்மா வெரலு இன்னாத்துக்குத்தான் அளவு குடுக்க மாட்டேங்குது?"

கஜபதி லேத்தைப் போட்டான். காது மட்டும் சிவந்துபோயிற்று.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு, ஐந்தாவது வளையத்தோடு போனான். லேப்பில் பஞ்சவர்ணம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக்ராஸ்கோப்பின் மேல் துணி மூடியிருந்தது.

"தாயம்மா போயிட்டா சார்."

"போயிட்டான்னா?"

"செங்கல் சூளையில வேலை ஆரம்பிச்சிடுச்சு. அவ புருஷன் சின்னப்பையன் முன்பணம் வாங்கிட்டான்போல. பொங்கல் மறுநாளே சட்டிபானையோட லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். எந்தச் சூளைன்னு மில்லுல யாருக்கும் தெரியல." அவள் குரல் இறங்கியது. "என் தப்புதான். டாக்டர் அப்பவே அனுப்பிடலாம்னார். நாந்தான் வீம்பா நிறுத்தி வெச்சேன். போனாக்கூடப் பரவாயில்ல, அவளுக்கு நோய் இருக்கா இல்லையான்னுகூடச் சொல்லாம அனுப்பிட்டேன். பிள்ளையப் பக்கத்துல போட்டுக்கலாமான்னுதானே கேட்டா? நாப்பத்தேழாம் நம்பர். பெட்டியில அப்படியே கிடக்கு."

நாற்பத்தேழு. கஜபதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கே வரேன்" என்றான். ஐந்தாவது வளையத்தை வெளியே எடுக்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவையாக, காரணம் எழுதாமல் லீவுச் சீட்டை நீட்டிவிட்டு வந்தான். அம்மாவின் பழைய வெற்றிலைப் பெட்டியில் போட்டுவைத்திருந்த முதல் வளையம் இப்போது சட்டைப்பையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பினான். பூந்தமல்லி வருவதற்குள் தைரியம் பாதியாகக் கரைந்துவிட்டது. லென்சைச் சரி செய்துவிட்டால் போதாதா, மற்றதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நசரத்பேட்டையில் இறங்கும்போது தீர்மானமாகிவிட்டது.

"இன்னிக்குக் கவர் கிளாஸ் மூடாம பாருங்க" என்றான் வளையத்தை மாட்டிக்கொண்டே.

"அதெப்படி? எண்ணெய் இல்லாத லென்சு இது. மூடாம பாத்தா ஒண்ணுமே தெரியாது."

"ஒரு தடவை பாருங்களேன்."

அவள் நம்பிக்கையில்லாமல்தான் குனிந்தாள். திருகைத் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றது. "சார்!" என்றாள். அடுத்த கண்ணாடியை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். "இதுல இருக்கு... இதுல இல்ல... ஐயோ, இதுல எவ்வளவு!" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள். அவன் அங்கே நிற்பதையே மறந்துபோனாள். கஜபதிக்கு அது ஒன்றும் வருத்தமாக இல்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் வேண்டுமானாலும் நின்றிருப்பான்.

பிறகு நாற்பத்தேழை வைத்தாள். கண்ணாடியை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"கொத்துக் கொத்தா இருக்கு" என்றாள் கடைசியில். "அந்தக் குழந்தை..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் வழக்கப்படி, சரியாக அமைந்த வளையம் எத்தனையாவது என்று நோட்டில் குறித்துவைப்பதற்காக, குழாயைத் தூக்கி, லென்சைக் கழற்றி, வளையத்தைக் கையில் எடுத்தாள். புது வளையம்தானே, கோடு கிழிக்க வேண்டுமே என்று வைரப் பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

விளிம்பைத் திருப்பியவள் நிறுத்தினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. அவள் கையாலேயே போட்ட கோடு.

"இது முதல் வாரத்து வளையம்."

கஜபதி தரையைப் பார்த்தான்.

"உங்க பாக்டரில இரும்பு பாக்கறப்ப மேல கண்ணாடி மூடுவீங்களா?"

"இல்லைங்க."

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது ஞாயிறு. நீங்க மூடினதைப் பாத்தப்ப." நிறுத்தினான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மூணாவது ஞாயிறு மூடாம வெச்சுப் பாத்தேன். இந்த நாப்பத்தேழைத்தான் பாத்தேன். நீங்க வெளிய அந்தம்மாகூடப் பேசிட்டிருந்தீங்க."

பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி போகிற சத்தம் வந்து தேய்ந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"ஏன் சார்?"

"வேலை முடிஞ்சிட்டா நான் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வரது?" என்றான். "எனக்கு ஞாயித்துக்கிழமை போறதுக்கு ஒரு இடமும் கிடையாதுங்க."

பஞ்சவர்ணம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா வந்திருக்கலாமே" என்றாள் மெதுவாக. "ஒரு டீ குடிக்க வந்தேன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ஊர் வாய்க்குப் பயப்படறவளா நான்? ஒவ்வொரு சனிக்கிழமையும் அரிசி ஊறப்போடறப்ப, லென்சு சரியானப்புறமும் நீங்க வருவீங்களான்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. எதையோ எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட முகம்.

"இப்ப போங்க" என்றாள்.

அதற்கப்புறம் கஜபதிக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேலைக்குப் பஞ்சமில்லை. விடிந்ததும் பஸ் ஏறுவான். திருமழிசை, வெள்ளவேடு, குத்தம்பாக்கம் என்று ஒவ்வொரு சூளையாக நடந்தான். பச்சைக்கல் அறுத்துக் காயப்போட்டிருக்கிற வெட்டவெளிகளில், "தாயம்மான்னு, கைக்குழந்தையோட, புருஷன் பேரு சின்னப்பையன்" என்று கேட்டுக்கொண்டே போனான். ஆறு நாளில் பத்து வார்த்தை பேசாதவன் ஒரே நாளில் நூறு பேரிடம் பேசினான். போலீஸ் என்று நினைத்துச் சிலர் ஒளிந்துகொண்டார்கள். கடன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்து ஒரு மேஸ்திரி நாயை ஏவினான். ராத்திரி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, செம்மண் படிந்த காலைக் கழுவிவிட்டுப் படுத்தால், காலியாகக் கிடக்கிற அந்த இன்னொரு அறையிலிருந்து ஒரு குழந்தை இருமுவதுபோல் இருக்கும்.

மாசி மாதம் இரண்டாம் ஞாயிறு, வெள்ளவேட்டுக்கு அப்பால் ஒரு சூளையில் கண்டுபிடித்தான். தலையில் எட்டுக் கல்லோடு வந்துகொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். வேலமரத்துத் தூளியில் குழந்தை கிடந்தது. மூச்சுக்கு மூச்சு மூக்கு அடைத்தது.

"உன் கண்ணாடியப் பாத்தாச்சும்மா. உனக்கு நோய் இருக்குது. ஊசி போட்டா சரியாயிடும். ஆஸ்பத்திரிக்கு வா."

அவள் கல்லை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "எப்பப் பாத்தாங்க? நான் இருக்கசொல்ல கேட்டுகினே இருந்தேனே."

"நீ இருக்கும்போதே பாத்தது."

"யாரு பாத்தது?"

"நான்."

அவளுக்கு அது புரியவில்லை. புரியாததே நல்லது என்று அவனும் விளக்கவில்லை. சின்னப்பையனிடம் கெஞ்சி, மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து, தாயையும் பிள்ளையையும் அன்றே பஸ்ஸில் ஏற்றினான். வழியெல்லாம் குழந்தை அவன் மடியில்தான் இருந்தது. அவள் இருமும்போது அவன் குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி கேட்டில் அங்கம்மா அவர்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். பஞ்சவர்ணம் வந்தாள். கஜபதியின் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. தாயம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அங்கம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். டாக்டருக்கு ஆள் போயிற்று, அவரும் வந்தார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆயிற்று. கஜபதி கேட்டின் அருகிலேயே நின்றான். அங்கிருந்து லேப் ஜன்னல் தெரிந்தது. குனிந்த தலையும், குழாயின் கீழே கழுத்தில் சிவப்பு நூல் சுற்றின லென்சும் தெரிந்தன. அவன் கடைந்த வளையம் இத்தனை தூரத்துக்குத் தெரியாது. இருக்கிற இடத்தில் இருந்தது.

சாயங்காலம் அவள் கேட்டுக்கு வந்தாள்.

"குழந்தைக்கும் மருந்து ஆரம்பிச்சிருக்கு. பொழைச்சுக்கும்னு டாக்டர் சொல்றாரு. சொல்ல முடியாதுன்னும் சொல்றாரு." கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். "தாயம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு ஊசி. புதன், ஞாயிறு. ஒரு வருஷம், ஒரு ஊசி தப்பக் கூடாது. ஞாயித்துக்கிழமை அவளுக்காக நான் திறந்து வெக்கறேன். சூளையிலேருந்து அவளாத் தனியா வரமாட்டா. நீங்கதான் போய்க் கூட்டியாரணும், நீங்கதான் திரும்பக் கொண்டுபோய் விடணும்."

"சரிங்க."

"கேட்டோட நின்னுக்கணும். உள்ள வரவேண்டாம்."

"சரிங்க" என்றான் மறுபடியும்.

புதன்கிழமைகளில் அவன் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்டை மாற்றிக்கொண்டான். ஒரு ஊசிகூடத் தப்பவிடவில்லை. தாயம்மா உள்ளே போவாள். இவன் கம்பிக்கு வெளியே நிற்பான். சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு, அங்கம்மா பழைய ஞாபகத்தில் இரண்டு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றை வராந்தாவில் உட்கார்ந்திருந்த தாயம்மாவிடம் கொடுத்தாள். இன்னொன்றோடு பாதி தூரம்வரை கேட்டைப் பார்த்து நடந்தவள் நின்றாள். லேப் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா, குடுக்கவா?" என்று கேட்டாள். உள்ளே குனிந்திருந்த தலை நிமிரவில்லை. அங்கம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

கஜபதி, பஸ் வருகிறதா என்று பார்ப்பவனைப்போல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.